வாய் காய்ந்துகொண்டே இருக்கிறதா? 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள்... உமிழ்நீர் என்னென்ன வேலை செய்கிறது தெரியுமா?

"எவ்வளவு தண்ணி குடிச்சாலும் வாய் காய்ஞ்சுக்கிட்டே இருக்குப்பா..."

வீட்டில் 60 வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் இதைக் கண்டிப்பாகக் கேட்டிருப்பீர்கள். "வயசாச்சுல்லம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நாமும் அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்போம். ஆனால், பல நேரங்களில் வாய் வறட்சிக்கு வயது மட்டுமே காரணம் இல்லை. அதே வீட்டில், மேஜை மேல் இருக்கும் மாத்திரை டப்பாவில்கூட காரணம் இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் நன்றாக இருந்த பற்கள் ஒன்று இரண்டு வருடங்களில் வரிசையாகச் சொத்தையாகும் அளவுக்குப் போகும்.

எச்சில் என்றாலே முகம் சுளிக்கிற ஊர் நம் ஊர். எச்சில் தட்டு, எச்சில் இலை, எச்சில் கை என்று ஒதுக்கி வைக்கவே அந்த வார்த்தையைப் பயன்படுத்துகிறோம். ஆனால் அது இல்லாவிட்டால் ஒரு வாய் சோறுகூட நிம்மதியாக இறங்காது. உமிழ்நீர் எங்கிருந்து வருகிறது, என்ன செய்கிறது, குறைந்தால் என்ன செய்ய வேண்டும்? வாங்க, பார்க்கலாம்.

எங்கே சுரக்கிறது?

நம் வாயைச் சுற்றி மூன்று ஜோடி பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன.

முதலாவது, பரோட்டிட் சுரப்பி. காதுக்கு முன்னாலும் கீழேயும், கன்னத்தின் பின்பக்கம் இருக்கிறது. மூன்றில் இதுதான் பெரியது. இதிலிருந்து வரும் குழாய் கன்னத்தின் உள்பக்கம், மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே திறக்கிறது. நாக்கால் அந்த இடத்தைத் தடவினால் சின்ன மேடு மாதிரி தட்டுப்படும். நீல்ஸ் ஸ்டென்சன் என்ற டென்மார்க் மருத்துவ மாணவர், 1660-ல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்தபோது இந்தக் குழாயைக் கண்டுபிடித்தார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

இரண்டாவது, கீழ்த்தாடைச் சுரப்பி. தாடை எலும்புக்கு உள்பக்கமாக இருக்கிறது. மூன்றாவது, நாக்குக்கு அடியில் இருக்கும் நாவடிச் சுரப்பி. இவை போக உதடு, கன்னம், அண்ணம் என்று வாய் முழுக்க நூற்றுக்கணக்கான குட்டிச் சுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன.

இவற்றுக்குள் ஒரு 'ஷிஃப்ட்' முறையே இருக்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் வரும் உமிழ்நீரில் பெரும்பங்கு கீழ்த்தாடைச் சுரப்பியுடையது. சாப்பிட ஆரம்பித்ததும் பரோட்டிட் முழு வேகத்தில் இறங்கும். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு சுமார் அரை லிட்டரில் இருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. அதில் பெரும்பகுதியை நமக்கே தெரியாமல் விழுங்கிவிடுகிறோம்.

எல்லாமே தண்ணீர்தானே?

கிட்டத்தட்ட 99 சதவீதம் தண்ணீர்தான். ஆனால் விஷயம் இருப்பது மிச்சமுள்ள அந்த ஒரு சதவீதத்தில்.

ரத்தத்தில் இருந்து தண்ணீரையும் உப்புகளையும் எடுத்துத்தான் சுரப்பிகள் உமிழ்நீரைத் தயாரிக்கின்றன. முதலில் வருவது ரத்த நீரைப் போலவே உப்பாக இருக்கும். குழாய் வழியாக வாய்க்கு வருவதற்குள் அதிலுள்ள சோடியத்தையும் குளோரைடையும் உடம்பு பெருமளவு திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் உமிழ்நீர் நமக்கு உப்புக் கரிப்பதில்லை. குழம்பில் உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் நாக்கு சட்டென்று கண்டுபிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. எந்த உணவும் நீரில் கரைந்தால்தான் நாக்கின் சுவை மொட்டுகளுக்குள் போக முடியும். நாக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு நாலு சர்க்கரைத் துகளை வைத்துப் பாருங்கள். ஈரம் ஊறும் வரை இனிப்பே தெரியாது. வாய் வறட்சி உள்ள பெரியவர்கள் "சாப்பாட்டுல ருசியே இல்ல" என்று சொல்வது பல நேரம் சமையலைப் பற்றிய புகார் கிடையாது.

சோறு மெல்ல மெல்ல இனிப்பது ஏன்?

பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கலாம். குழம்பு எதுவும் ஊற்றாத வெறும் சோற்றை ஒரு நிமிடம் விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்க ஆரம்பிக்கும். உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, சோற்றில் உள்ள ஸ்டார்ச்சை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுவதுதான் காரணம். ஸ்டார்ச் செரிமானத்தின் பெரிய வேலையைப் பிறகு கணையம் பார்த்துக்கொள்கிறது என்றாலும், தொடக்கப் புள்ளி வாய்தான். 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. மெல்ல மெல்லத்தான் உமிழ்நீரும் கூடுதலாகச் சுரக்கும்.

இந்த நொதிக்குப் பின்னால் சுவாரஸ்யமான ஒரு மரபணுக் கதையும் உண்டு. உமிழ்நீர் அமைலேஸை உருவாக்கும் ஏ.எம்.ஒய்.1 என்ற மரபணு எல்லோரிடமும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. ஒருவரிடம் சில பிரதிகள்தான் இருக்கும், இன்னொருவரிடம் பத்துக்கு மேல்கூட இருக்கும். தலைமுறை தலைமுறையாக ஸ்டார்ச் அதிகம் சாப்பிட்டு வந்த சமூகங்களில் சராசரியாக இந்தப் பிரதிகள் கூடுதலாக இருப்பதாக 2007-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஜார்ஜ் பெர்ரி குழுவினர் எழுதினார்கள். நம் முன்னோர் என்ன சாப்பிட்டார்கள் என்பதன் தடம் எச்சிலில் இருக்கிறது!

பல்லுக்கு 24 மணி நேரக் காவல்

உமிழ்நீரின் வேலைகளிலேயே பலருக்கும் தெரியாதது இதுதான்.

நாம் ஒரு லட்டு சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களும் அந்தச் சர்க்கரையைச் சாப்பிட்டு, அமிலத்தை வெளியிடும். சில நிமிடங்களிலேயே பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மை ஏறும். பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும்.

இங்கேதான் உமிழ்நீர் வருகிறது. அதில் உள்ள பைகார்பனேட் அமிலத்தைச் சமன்செய்கிறது. அதிலேயே இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லில் இருந்து கரைந்துபோனதைத் திரும்ப நிரப்புகின்றன. பல் பழைய நிலைக்கு வர சுமார் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அமெரிக்கப் பல் ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீஃபன் 1940-களில் இந்த ஏற்ற இறக்கத்தை வரைபடமாகப் போட்டுக் காட்டினார். பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் 'ஸ்டீஃபன் வளைகோடு' என்று படிப்பது அதைத்தான்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரே தடவையாக ரெண்டு லட்டு சாப்பிடுவதைவிட, அரை மணிக்கு ஒருமுறை மிட்டாய், சர்க்கரை போட்ட டீ, பிஸ்கட் என்று கொறித்துக்கொண்டே இருப்பது பல்லுக்கு மோசம். உமிழ்நீர் சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த தாக்குதல் வந்துவிடுகிறது.

தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால்தான் இரவில் பல் துலக்கிவிட்டுப் படுக்கச் சொல்கிறார்கள். குழந்தை வாயில் பால் பாட்டிலோடு தூங்கினால் முன்பற்கள் சொத்தையாவதற்கும் இதுதான் முக்கியக் காரணம்.

இவை தவிர, பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம், நோய் எதிர்ப்புப் புரதமான ஐ.ஜி.ஏ., பூஞ்சையைத் தடுக்கும் ஹிஸ்டாட்டின் ஆகியவையும் உமிழ்நீரில் இருக்கின்றன. வழுவழுப்பைத் தருவது மியூசின். பேசும்போது நாக்கு ஒட்டாமல் புரள்வதும், பல் செட் ஈறில் நிற்பதும் உமிழ்நீரின் தயவால்தான்.

மாவடுவைப் பார்த்தால் ஊறுது, மேடை ஏறினால் காயுது... ஏன்?

மாவடு, புளியங்காய் என்று எழுதும்போதே வாய் ஊறுகிறதா? சுரப்பிகளை இயக்குவது நரம்புகள். நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தானியங்கி நரம்பு மண்டலம்தான் இதைப் பார்த்துக்கொள்கிறது. உடம்பு நிதானமாக இருக்கும்போது வேலை செய்யும் நரம்புகள், நீர்த்த உமிழ்நீரைத் தாராளமாகச் சுரக்கச் செய்யும். பயம், பதற்றத்தின்போது இந்தத் தூண்டுதல் அடங்கிப்போகும். வருவதும் கொஞ்சமாக, கெட்டியாக இருக்கும். நேர்முகத் தேர்வுக்கு முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். உணவு வரும் முன்பே, உணவு கொண்டுவரும் ஆட்களைப் பார்த்தும் அவர்களின் காலடிச் சத்தத்தைக் கேட்டுமே நாய்களுக்கு எச்சில் ஊறுவதை ஆராய்ந்துதான், பழக்கத்தால் உருவாகும் அனிச்சைச் செயலை அவர் விளக்கினார்.

இந்த நரம்புகள் சுரப்பியிடம் பேசும் 'மொழி' அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாய் வறட்சிக் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வயசா, மாத்திரையா?

வயதாகும்போது உமிழ்நீர் ஓரளவு குறைவது உண்மைதான். ஆனால் ஆரோக்கியமான முதியவர்களிடம் பரோட்டிட் சுரப்பி பெரிய மாற்றம் இல்லாமல் வேலை செய்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பெரியவர்களிடம் வாய் வறட்சி அதிகம் காணப்படுவதற்கு ஒரு முக்கியக் காரணம், அவர்கள் சாப்பிடும் மருந்துகள்.

அசிட்டைல்கோலினைத் தடுக்கும் தன்மை பல மருந்துகளுக்கு உண்டு. சளி, அலர்ஜிக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமைன் போன்ற மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் வருவதைக் கட்டுப்படுத்தும் ஆக்ஸிபியூட்டினின், பார்க்கின்சன் நோய்க்கான ட்ரைஹெக்ஸிஃபெனிடில் எல்லாம் இந்த வகை. ரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும், நீரை வெளியேற்றும் மாத்திரைகளும் வறட்சியைக் கூட்டலாம். ஒன்றாக இருந்தால் சமாளிக்கலாம். இதய மருத்துவர் ஒன்று, நரம்பு மருத்துவர் ஒன்று, மருந்துக்கடையில் தானாக வாங்கியது ஒன்று என்று சேரும்போதுதான் வாய் பாலைவனம் ஆகிறது.

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் முக்கியமான காரணம். சிறுநீர் அதிகம் போய் உடம்பில் நீர் குறையும். வாய் காயும். தாகத்துக்கு ஜூஸ் குடித்தால் சர்க்கரை இன்னும் ஏறும். வறட்சியும் கூடும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். உமிழ்நீர் கொஞ்சம் குறைந்ததும் நமக்குத் தெரிந்துவிடாது. சும்மா இருக்கும்போது சுரக்கும் அளவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்த பிறகுதான் 'வாய் காயுது' என்ற உணர்வே வருகிறது என்று கனடா ஆய்வாளர் காலின் டாவ்ஸ் 1987-ல் காட்டினார். அதாவது, பாட்டி புகார் சொல்லும்போதே பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

எப்படி அளப்பது? ரொம்ப எளிய சோதனைதான். தலையைக் குனிந்து, வாயில் சேரும் உமிழ்நீரை ஒரு கப்பில் வடியவிட்டு அளப்பார்கள். சராசரியாக நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லி வரை வரும். 0.1 மில்லிக்கும் கீழே என்றால், அதாவது 10 நிமிடத்தில் 1 மில்லிகூடச் சேரவில்லை என்றால், உமிழ்நீர்க் குறைபாடு என்று கொள்வார்கள்.

சுரப்பியிலேயே பிரச்னை வந்தால்?

சாப்பிட உட்கார்ந்ததும் தாடைக்குக் கீழே 'விண்'ணென்று வலித்து வீங்குகிறது, கொஞ்ச நேரத்தில் வற்றிவிடுகிறது என்றால், உமிழ்நீர்க் குழாயில் கல் இருக்கலாம். ஆம், கிட்னியில் வருவது போலவே இங்கேயும் கல் வரும். பெரும்பாலும் வருவது கீழ்த்தாடைச் சுரப்பியில். அதன் குழாய் கீழிருந்து மேல்நோக்கிப் போகிறது, உமிழ்நீரும் கொஞ்சம் கெட்டி என்பதே காரணம்.

குழந்தைகளுக்குக் கன்னம் வீங்கி காய்ச்சல் வந்தால் பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம். பரோட்டிட் சுரப்பியைத் தாக்கும் வைரஸ் நோய் இது. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வற்றிவிடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் உண்டு. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே வற்றிவிடும் நோய் என்பதால் சங்கிலிக்கு அந்தப் பெருமை கிடைக்கிறது! ஆனால் சிலருக்கு விதைப்பை வீக்கம், மூளை உறை அழற்சி, காது கேளாமை வரை போகலாம் என்பதால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எம்.எம்.ஆர். தடுப்பூசி இதைத் தடுக்கும்.

வாயோடு சேர்ந்து கண்ணும் வறண்டு, மண் விழுந்தது போல உறுத்துகிறதா? மூட்டு வலி, அசதியும் இருக்கிறதா? 'ஷோகிரன்ஸ்' என்ற நோயாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் இது. 1933-ல் ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் விரிவாக விவரித்தார். பாதிக்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள், அதிலும் நடுத்தர வயதினர். 'மெனோபாஸ் நேரம், அப்படித்தான்' என்று பல ஆண்டுகள் தள்ளிப்போவது இங்கேயும் நடக்கிறது.

காதுக்கு முன்னால் வலியே இல்லாத கட்டி இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள். பரோட்டிட் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆனால் கட்டியோடு முகம் ஒரு பக்கம் கோணினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு...

இந்தியாவில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது பக்கத்திலேயே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அடி வாங்குகின்றன. நோய் குணமான பிறகும் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போக முடியாத நிலையில் பலர் வாழ்கிறார்கள்.

இதற்குத் தொழில்நுட்பம் ஓரளவு விடை தந்திருக்கிறது. ஐ.எம்.ஆர்.டி. என்ற முறையில், கதிர்களின் வீச்சை வளைத்து பரோட்டிட் சுரப்பியைக் கூடியவரை காப்பாற்றலாம். பிரிட்டனில் 94 நோயாளிகளிடம் நடந்த 'பார்ஸ்போர்ட்' ஆய்வு 2011-ல் வெளியானது. ஓராண்டுக்குப் பிறகு, பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க வாய் வறட்சி இருந்தது. ஐ.எம்.ஆர்.டி. பெற்றவர்களில் அது 38 சதவீதம்.

கதிர்வீச்சு தொடங்கும் முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிடுவது ரொம்ப முக்கியம். பிடுங்க வேண்டிய பல்லை முன்பே பிடுங்கிவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது.

வெற்றிலை பாக்கு போட்டால் ஊறுமே?

ஊறும். பாக்கில் உள்ள அரிகோலின், அசிட்டைல்கோலின் வேலை செய்யும் அதே இடத்தைத்தான் தூண்டுகிறது. வாய் வறட்சிக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் பைலோகார்பின் மாத்திரையும் அப்படித்தான். அது பிரேசிலில் வளரும் ஜாபரண்டி செடியில் கிடைப்பது. ஆனால் பாக்கு, புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. புகையிலை சேர்க்காமல் போட்டாலும் இதே கதைதான். வாயைத் திறக்கவே முடியாமல் இறுக்கிவிடும் நோய்க்கும் பாக்குதான் முக்கியக் காரணம். எனவே, எச்சில் ஊற வைக்க பாக்கு வேண்டவே வேண்டாம்.

அப்போ என்னதான் செய்யலாம்?

* சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். "இதில் எதனால் வாய் காய்கிறது? மாற்ற முடியுமா, அளவைக் குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது.

* சர்க்கரை அளவைப் பரிசோதித்துப் பாருங்கள்.

* தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பதைவிட, அடிக்கடி ஒரு வாய் குடிப்பது நல்லது. இதயம், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

* சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். மெல்லும் செயலே சுரப்பியைத் தூண்டும். சாதாரண மிட்டாய், குளிர்பானம் வேண்டாம்.

* ஃப்ளூரைடு உள்ள பற்பசையால் காலை, இரவு இரண்டு வேளையும் துலக்குங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைத் தவிர்த்துவிடுங்கள்.

* புகையிலை, மது இரண்டுமே வறட்சியைக் கூட்டும்.

* தேவைப்பட்டால் செயற்கை உமிழ்நீர் ஸ்ப்ரே, ஜெல் கிடைக்கின்றன. பைலோகார்பின் மாத்திரை எல்லோருக்கும் ஒத்துவராது என்பதால் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே எடுக்க வேண்டும்.

* நாக்கில் வெள்ளைப் படலம், எரிச்சல், பல் செட் நிற்காமல் கழன்று வருவது, சாதம் விழுங்கவே தண்ணீர் தேவைப்படுவது, பல்லின் வேர்ப்பகுதியில் புதிதாகச் சொத்தை... இவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் "எனக்கு எச்சில் குறைவா இருக்கு" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் டெஸ்ட் எடுக்கத் தயங்காத நாம், எச்சிலைப் பற்றி டாக்டரிடம் பேசக் கூச்சப்படுகிறோம். அடுத்த முறை அம்மாவோ அப்பாவோ "வாய் காயுது" என்று சொன்னால், ஒரு டம்ளர் தண்ணீரோடு அந்த மாத்திரை டப்பாவையும் எடுத்துப் பாருங்கள்.